கடைசியாய் நடந்துவந்த பிள்ளை



பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளிகளும், வாலிபர் முகாம்களும், உல்லாசப் பயணங்களும் ஆயத்தமாகிக்கொண்டிருக்கின்றன. மாதந்தோறும் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். இம்மாதம் ஆலோசனைக்கு முன்பாக ஓர் அறிக்கையைச் செய்ய விரும்புகிறேன். ஒரு மேய்ப்பன் தன் மந்தையின் முன்பாகத் தன் தவறை ஒத்துக்கொள்வது வெட்கமல்ல. அதை மறைத்து வைத்து, அதே தவறை வேறொருவர் செய்ய விட்டுவிடுவதே வெட்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஹடப்சரில் உள்ள எங்கள் சபையின் ஆண்பிள்ளைகளுக்காகச் சாரணர் முறையில் ஒரு குழுவை ஆரம்பித்தோம். "சாரணர் இயக்கத்திற்கும் சபைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டார்கள். சம்பந்தம் உண்டு. 1883-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் என்னும் ஞாயிறுபள்ளி ஆசிரியர், வகுப்பில் அடங்காத பையன்களை ஒழுங்குபடுத்த 'பாய்ஸ் பிரிகேட்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறக்குறைய 20 பையன்களைக் கொண்டு முதல் சாரணர் முகாமை நடத்தியபோது, செல்வந்தர் பள்ளிகளின் பையன்களோடுகூட பாய்ஸ் பிரிகேட்டைச் சேர்ந்த உழைப்பாளர் வீட்டுப் பையன்களையும் ஒரே கூடாரத்தில் சேர்த்தார். நம் பெந்தெகொஸ்தே வட்டாரத்திலேயே, 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையார் ஜானி பார்ன்ஸ் என்பவரைக் கொண்டு 'ராயல் ரேஞ்சர்ஸ்' என்னும் ஊழியத்தைத் தொடங்கினார்கள். நம் தேசத்தில் 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி பல பிரிவுகள் இணைந்து பாரத சாரணர் சாரணியர் இயக்கம் உருவாயிற்று. சாரணர் இயக்கத்திற்கு அடிப்படையான கட்டளை ஒன்றே: ஆயத்தமாயிரு. மத்தேயு 24-ஆம் அதிகாரத்தை வாசிக்கிறவர்களுக்கு இது புதிய கட்டளை அல்லவே!

ஆனால் அந்த ஆண்டு மே மாதம் முதலாம் தேதி, ஆயத்தமில்லாமல் போனவன் ஒரு பையன் அல்ல, நான்தான்.

அன்று மகாராஷ்டிர தினம். தொழிற்பேட்டைகளுக்கு விடுமுறை, ஆகவே உடன்வரப் பெரியவர்கள் கிடைப்பார்கள் என்று அந்த நாளைத் தெரிந்துகொண்டோம். 24 பையன்கள், பெரியவர்கள் ஐந்து பேர். போகும் இடம் சிங்ககட் கோட்டை. பூனாவுக்குத் தென்மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில், கடல் மட்டத்திற்கு மேல் 1,312 மீட்டர் உயரத்தில், சஹ்யாத்திரி மலையின் ஒரு முதுகின்மேல் அது அமர்ந்திருக்கிறது. அடிவாரத்து ஆத்கர்வாடி கிராமத்திலிருந்து கால்நடையாக ஏறினால் தூரம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவே. ஆனால் அந்தச் சிறு தூரத்திற்குள் ஏறக்குறைய 600 மீட்டர் உயரம் ஏறவேண்டும். சென்னைப் பரங்கிமலையைப்போல் ஆறு மலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதற்கு அது சமம் என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கோட்டையைக் காட்ட எனக்கு வேறொரு விருப்பமும் இருந்தது. 1670 பிப்ரவரியில் தானாஜி மாலுசரே தன் வீரரோடு செங்குத்தான பாறையில் ஏறி அதைப் பிடித்து, அந்தப் போரிலேயே உயிர்விட்ட கதையை மராட்டியப் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். ஆனால் அங்கே சமாதியாயிருக்கிற இன்னொருவரான ராஜாராம், சத்ரபதி சிவாஜியின் குமாரர், மொகலாயர் நெருக்கியபோது நம் செஞ்சிக் கோட்டையில்தான் பல ஆண்டுகள் அடைக்கலம் புகுந்திருந்தார் என்பதும், 1698-இல் செஞ்சி வீழ்ந்த பின்பு 1700-ஆம் ஆண்டு சிங்ககட்டில் மரித்தார் என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சியும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றது. "நீங்கள் வந்தேறிகள் அல்ல, இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே பழைய பாதை உண்டு" என்று கோட்டையின் உச்சியில் நின்று சொல்ல எண்ணியிருந்தேன். எண்ணம் நல்லதே. எண்ணம் நல்லதாயிருந்தால் மாத்திரம் போதாது.

அதிகாலை ஐந்து மணிக்கு ஹடப்சர் காடிதளத்தில் பேருந்து ஏறவேண்டும் என்று தீர்மானித்திருந்தோம். ஆனால் சபையில் கூடி, நான் ஜெபித்து, ஒரு சிறு செய்தியையும் கொடுத்து முடிப்பதற்குள் ஆறரை ஆகிவிட்டது. அந்தச் செய்தியில் பிலிப்பியர் 2:14-ஐ எடுத்துக்கொண்டு, முறுமுறுப்பைப்பற்றிப் பேசினேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்து அழிந்ததை விவரித்துவிட்டு, "இன்று மலையில் ஒருவனும் 'முடியவில்லை' என்று சொல்லக்கூடாது" என்று பலத்த சத்தமாய்க் கூறினேன். பையன்கள் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தார்கள். எனக்கும் அது சந்தோஷமாயிருந்தது.

சுவார்கேட்டில் பேருந்து மாறி அடிவாரத்தை அடைந்தபோது மணி எட்டே முக்கால். எங்கள் சபை மூப்பர் ஒருவர் இராணுவத்தில் சுபேதாராயிருந்து ஓய்வுபெற்றவர். அவர் வானத்தை நோக்கிப் பார்த்துவிட்டு, "பாஸ்டர் ஐயா, இந்த மாதத்தில் பத்து மணிக்கு மேல் பிள்ளைகள் இந்தப் பாறையில் இருக்கக்கூடாது. இன்றைக்குக் கீழேயே நிழலில் விளையாட விட்டுவிட்டு, இன்னொரு நாள் இருட்டோடு வந்து ஏறுவோம்" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "பிரதர், மேகஸ்தம்பம் நம்மோடு வரும்" என்றேன். அவர் பட்டாளத்துக்காரர், மேலே ஒரு வார்த்தையும் பேசாமல், "அப்படியானால் நான் எல்லாருக்கும் பின்னாலே வருகிறேன்" என்று சொல்லி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

அருமையானவர்களே, தேவாலயத்தின் உப்பரிகையில் நின்று கீழே குதிக்கும்படி சத்துரு நம் ஆண்டவரிடம் சொன்னபோது, அவன் வேதவசனத்தையே எடுத்துப் பேசினான். ஆண்டவரோ, தேவனைப் பரீட்சை பார்ப்பது எழுதப்பட்டதற்கு விரோதம் என்று மறுத்தார். அன்று நான் மேகஸ்தம்பத்தைப்பற்றிச் சொன்னது விசுவாச வார்த்தையாகத் தோன்றியது. உண்மையில் அது பரீட்சை பார்க்கிற வார்த்தை. தாமதத்தினால் வந்த வெட்கத்தை மறைக்க நான் போட்டுக்கொண்ட விசுவாச வஸ்திரம் அது.

சஹ்யாத்திரி மலை மழைக்காலத்தில் பச்சைப் பட்டு உடுத்தினதுபோல் இருக்கும். மே மாதத்திலோ புல்லெல்லாம் வைக்கோலாய்ப் போய், கருமையான எரிமலைப்பாறை வெளியே தெரியும். அந்தப் பாறை வெயிலைக் குடித்து வைத்திருந்து, கால்மேல் திரும்ப உமிழும். மேலேயிருந்து சூரியனும் கீழேயிருந்து பாறையும் ஒருமிக்கச் சுடும். பாதி வழிக்கு மேல் நிழல் தரும் மரங்கள் அரிது. நான் முன்னே நடந்தேன். பெரிய பையன்கள் என் குதிகாலை ஒட்டி வந்தார்கள். அவர்களுடைய உற்சாகம் எனக்கு உற்சாகமாயிற்று. திரும்பிப் பார்க்க நான் நினைக்கவில்லை. ஒரு மணி நேரத்திற்குள் எங்கள் வரிசை மலையின் இரண்டு வளைவுகளுக்கு நீண்டுபோயிற்று.

பத்து மணிக்குப் பின்பு, கீழேயிருந்து மூப்பருடைய விசில் சத்தம் கேட்டது. மூன்று நீண்ட சத்தங்கள். நான் இறங்கி ஓடினேன்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவன் பாறையின்மேல் சாய்ந்திருந்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்த ஒரு குடும்பத்தின் மூத்த மகன். தகப்பனார் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கிறவர். தாயார் மகர்பட்டாவின் அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேலை செய்கிறவர்கள். அவன் முகம் வெளுத்திருந்தது. தோலில் சில்லிட்டதுபோல் மயிர்க்கூச்சம். இரண்டு முறை வாந்தி பண்ணியிருந்தான். தண்ணீர்ப் புட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் அப்படியே இருந்தது. மூப்பர் அவனிடம் வழியில் மூன்று தரம் விசாரித்திருக்கிறார். மூன்று தரமும் அவன், "ஒன்றுமில்லை அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்.

அங்கிருந்து இருபது அடி தூரத்தில், நான்கு கொம்புகளின்மேல் சாக்கு விரித்து, ஒரு மராட்டியத் தாயார் பானையில் மோரும் எலுமிச்சைச் சர்பத்தும் விற்றுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கேட்பதற்கு முன்பாகவே அவர்கள் தங்கள் சரக்கை ஒதுக்கிவிட்டு, பிள்ளையை நிழலில் படுக்க வைக்கச் சொன்னார்கள். அவர்கள் கீழேயிருந்து தலையில் சுமந்து கொண்டுவந்த தண்ணீரில் துணியை நனைத்து, அவன் கழுத்திலும் அக்குள்களிலும் வைத்தார்கள். "பாளா, பாளா" என்று அழைத்துக்கொண்டே விசிறினார்கள். 'பாளா' என்றால் அவர்கள் மொழியில் 'குழந்தாய்' என்று பொருள். மூப்பர் அவன் காலணியைக் கழற்றி, சட்டையைத் தளர்த்தி, கால்களைச் சற்று உயர்த்தி வைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை ஒவ்வொரு மிடறாய்க் கொடுத்தார். நாங்கள் முழங்காற்படியிட்டு ஜெபித்தோம். ஜெபமும் ஈரத்துணியும் ஒன்றுக்கொன்று விரோதமானவை அல்ல. எசேக்கியா வியாதிப்பட்டபோது கர்த்தர் அவன் ஜெபத்தைக் கேட்டார். கேட்ட பின்பும் பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசிதான் (2 இராஜாக்கள் 20:7).

அரை மணி நேரத்தில் அவன் கண்களில் தெளிவு வந்தது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! நான் அவன் தலையைத் தடவி, "ஏன் தம்பி முன்னமே சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவன் என்னைக் குற்றப்படுத்தும்படியாக அல்ல, பாடம் ஒப்பிக்கிறதுபோல, "நீங்கள்தானே பாஸ்டர், முடியவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது, முறுமுறுக்கிறது பாவம் என்று சொன்னீர்கள்" என்றான்.

முப்பது ஆண்டுகளுக்கு அருகாக நான் பிரசங்கம் பண்ணுகிறேன். என் பிரசங்கத்திற்கு அவ்வளவு முழுமையாய்க் கீழ்ப்படிந்த ஓர் ஆத்துமாவை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்தக் கீழ்ப்படிதல் அவனை மரணத்தின் வாசல்வரை கொண்டுபோயிருக்கும்.

அன்று நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. சாக்கு நிழலிலும் அருகேயிருந்த சிறு மரங்களின் கீழும் எல்லாரும் ஒதுங்கியிருந்து, வெயில் தாழ்ந்தபின் மெதுவாய் இறங்கினோம். அந்தத் தாயாருக்குப் பணம் கொடுக்க நீட்டியபோது, மோருக்கு மாத்திரம் எடுத்துக்கொண்டு, தண்ணீருக்கு வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். எரிகோவின் பாதையில் விழுந்து கிடந்தவனுக்கு அயலான் யார் என்ற கேள்விக்கு, மொழியும் மார்க்கமும் வேறான ஒரு ஸ்திரீயின் கையினால் எங்களுக்குப் பதில் கிடைத்தது.

திரும்பும்போது பேருந்தில் அவன் என் பக்கத்தில் அமர்ந்திருந்தான். கடக்வாஸ்லா அணையைத் தாண்டும்போது மெல்லிய குரலில், "பாஸ்டர், என்னாலேதானே யாரும் மேலே போகவில்லை?" என்றான். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. வீட்டுக்கு வந்து, அன்று இரவு வேதத்தைத் திறந்துவைத்து அழுதேன்.

பிரியமானவர்களே, அன்று இரவில் தேவன் எனக்குக் கற்பித்த காரியங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலாவது, தாகம் முறுமுறுப்பு அல்ல. யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் தண்ணீருக்காகத் தவித்தார்கள். அவர்களுடைய தாகத்தைத் தேவன் குற்றமாகக் கணக்கிடவில்லை. கன்மலையைப் பிளந்து தண்ணீர் கொடுத்தார். கர்த்தர் தங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா என்று அவர்கள் அவரைச் சோதித்ததுதான் குற்றமாயிற்று. சிலுவையில் நம் ஆண்டவரே தாம் தாகமாயிருப்பதை வாய்திறந்து சொன்னார். பாவமறியாத அவர் சொன்னதை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை சொல்லக்கூடாது என்று தடைபண்ண நான் யார்? எரிகோவின் வழியருகே பர்திமேயு கூப்பிட்டபோது, பேசாதிருக்கும்படி அவனை அதட்டினவர்கள் இயேசுவின் கூட நடந்த ஜனங்களே. கர்த்தரோ நின்றார் (மாற்கு 10:49). அவர் எருசலேமுக்குப் போகிறவர்; அவருக்கு ஒரு நோக்கம் இருந்தது, வேளையும் இருந்தது; ஆகிலும் ஒரு பிச்சைக்காரனுடைய சத்தத்திற்கு அவர் நின்றார். அன்று மலையில் நான் நிற்கவில்லை. அதட்டின கூட்டத்தில் ஒருவனாயிருந்தேன்.

இரண்டாவது, மந்தையின் வேகத்தைத் தீர்மானிக்கிறவன் முன்னே போகிற பலவான் அல்ல, பின்னே வருகிற பலவீனன். ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தில், ஏசா தன் நானூறு பேரோடு வேகமாய்ப் போவோம் என்று அழைத்தபோது, யாக்கோபு மறுத்துவிடுகிறான். பிள்ளைகள் இளம்பிராயத்தார் என்றும், கறவையான ஆடுமாடுகளை ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை பிழைக்காது என்றும், பிள்ளைகளின் கால் எவ்வளவு நடக்குமோ அவ்வளவாக மெதுவாய் வருவதாகவும் அவன் சொல்லுகிறான். யாப்போக்கு ஆற்றங்கரையில் தேவனோடே போராடித் தொடைச்சந்து சுளுக்கினவன் அவன். நொண்டி நடக்கிறவனுக்குத்தான் பிள்ளைகளின் நடை தெரியும்! மாறாக, அமலேக்கு எங்கே தாக்கினான்? முன்னணியிலே அல்ல, இளைத்து விடாய்த்துப் பின்தங்கினவர்களையே வெட்டினான் என்று உபாகமம் 25-ஆம் அதிகாரத்தில் மோசே நினைப்பூட்டுகிறான். சத்துரு எப்போதும் வரிசையின் கடைசியைப் பார்க்கிறான். மேய்ப்பனுடைய கண்ணும் அங்கேயே இருக்கவேண்டும்.

மூன்றாவது, அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கான பதில். அதை 1 சாமுவேல் 30-ஆம் அதிகாரத்தில் கண்டேன். தாவீதோடு சென்ற அறுநூறு பேரில் இருநூறு பேர் பேசோர் ஆற்றைக் கடக்கக்கூடாமல் விடாய்த்து நின்றுவிட்டார்கள். ஜெயித்துத் திரும்பினவர்களில் சிலர், நின்றுபோனவர்களுக்குக் கொள்ளையில் பங்கு கொடுக்கக்கூடாது என்றார்கள். தாவீதோ, யுத்தத்திற்குப் போனவனுக்கும் தளவாடங்களண்டையில் இருந்தவனுக்கும் பங்கு ஒன்றே என்று சொல்லி, அதை இஸ்ரவேலிலே நிலையான பிரமாணமாக்கினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் அவனை அழைத்து, அந்த அதிகாரத்தை அவனுக்கே வாசித்துக் காண்பித்து, "உன்னாலே அல்ல தம்பி, என்னாலே" என்றேன். அவன் தகப்பனாரிடத்திலும் மன்னிப்புக் கேட்டேன்.

தகப்பனார் சற்று நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "பாஸ்டர் ஐயா, வீட்டிலேயும் இவன் ஒன்றும் சொல்லுகிறதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்குப் பாடம் விளங்கவில்லையாம். போன வாரம்தான் தெரியும்" என்றார். அவர் மனைவியோ கண்ணீரோடு, "உனக்காகத்தானே ஊரை விட்டு வந்து இப்படிக் கஷ்டப்படுகிறோம் என்று தினமும் சொல்லுவோம் ஐயா. அதனாலேதான் சொல்லவில்லை போலிருக்கிறது" என்றார்கள்.

இப்போது விளங்குகிறதா, பிரியமானவர்களே? நான் சபையில் ஒரு நாள் செய்ததை நம்மில் அநேகர் வீட்டில் ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருக்கிறோம்.

பட்டணத்தில் பிழைக்க வந்த நம் பிள்ளைகளின் பாரத்தை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? வீட்டில் தமிழ், தெருவில் மராட்டி, கடையில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். இந்த நான்கையும் சுமந்துகொண்டுதான் அவர்கள் ஏறுகிறார்கள். அதன்மேல் நாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணையும், ஊரில் கட்டவேண்டிய வீட்டின் கடனையும், நாம் படிக்க முடியாமல் போன படிப்பையும் ஏற்றி வைக்கிறோம். அவர்கள் வாய்திறக்கும்போது, "உனக்கு என்ன குறை வைத்தோம்?" என்கிறோம். ஜெபக்குறிப்பைக் கேட்டால்கூட, "என் மகனுக்கு நல்ல மார்க் கிடைக்க ஜெபியுங்கள்" என்கிறோமேயல்லாமல், "என் மகனுக்கு எது பாரமாயிருக்கிறது என்று எனக்குத் தெரிய ஜெபியுங்கள்" என்று கேட்கிறவர்கள் அரிது. இந்த மாதங்களில் பரீட்சை முடிவுகள் வரும். அந்த நாளில் உங்கள் பிள்ளை, "ஒன்றுமில்லை அப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னால், மூன்று தரம் கேட்டதோடு நின்றுவிடாதிருங்கள். தண்ணீர்ப் புட்டியை வாங்கிப் பாருங்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் ஞானேஸ்வருடைய பல்லக்கோடு பண்டரிபுரத்திற்கு நடந்து போகிற ஜனங்கள் எங்கள் ஹடப்சர் வழியாகத்தான் திவே காட் மலைப்பாதையில் ஏறி சாஸ்வடுக்குப் போகிறார்கள். அவர்களுடைய வழிபாடு வேறு, நம்முடைய விசுவாசம் வேறு. ஆகிலும் கிழவிகளும் சிறுபிள்ளைகளும் கலந்த அந்தக் கூட்டம் வரிசை குலையாமல் ஏறுவதையும், தண்ணீர் லாரிகள் உடன் போவதையும் நான் வாசலில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தும் கற்றுக்கொள்ளாதவனாய் இருந்தேன்.

முகாம்களை நடத்தும் சகோதரருக்குச் சில வார்த்தைகள். கோடையின் மலை விளையாட்டுக் காரியமல்ல. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கலாகாது. 2023 ஏப்ரல் 16-ஆம் தேதி நவி மும்பையின் கார்கரில் திறந்தவெளிக் கூட்டமொன்றில் அமர்ந்திருந்தவர்களில் பத்துக்கும் அதிகமானோர் வெயிலினால் மரித்தார்கள். அவர்கள் மலை ஏறவுமில்லை, உட்கார்ந்தேயிருந்தார்கள். நம் கன்வென்ஷன் கூட்டங்களை ஒழுங்குசெய்கிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும்.

வியர்வை காயும்போதுதான் சரீரம் குளிருகிறது. வியர்வையோடு நீரும் உப்பும் போய்விடுகின்றன. அவை திரும்பக் கிடைக்காவிட்டால் தலைவலி, மயக்கம், வாந்தி, தசைப்பிடிப்பு உண்டாகும். இந்த நிலையில் நிழலும், ஈரத்துணியும், உப்புச்சர்க்கரை நீரும் போதுமானவை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சமமாய் அளந்து கலக்கவேண்டும். ஆனால் பேச்சுக் குழறினாலோ, புத்தி தடுமாறினாலோ, நினைவு தப்பினாலோ அது 'சன் ஸ்ட்ரோக்' என்னும் ஆபத்து. சரீர வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டியிருக்கக்கூடும். உடனே 108-ஐ அழைத்து, வண்டி வருமட்டும் சரீரம் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டேயிருங்கள். நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றாதிருங்கள். கோடையில் மலைக்குப் போகவேண்டுமானால் விடியுமுன் ஏறத் தொடங்கி, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். தானாஜிகூட இரவில்தான் ஏறினான்! ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது இரண்டு லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். தாகம் எடுக்குமுன் குடிக்கச் சொல்லுங்கள். மெதுவாய் நடக்கிறவனை முன்னே விடுங்கள். பெரியவர் ஒருவர் கடைசியில் வரட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, புறப்படுமுன் பிள்ளைகளிடம், "முடியவில்லை என்று சொல்லுகிறவன் கோழையல்ல, முழுக் குழுவையும் காக்கிறவன்" என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்த ஜனவரியில் நாங்கள் மறுபடியும் சிங்ககட்டுக்குப் போனோம். ஐந்து மணிப் பேருந்தைத் தவறவிடவில்லை. நான் ஜெபத்தை முந்தின இரவிலேயே முடித்துவிட்டேன். அந்தப் பிள்ளையை முன்னே நடக்க வைத்தோம். நான் கடைசியில் மூப்பரோடு நடந்தேன். அவன் நின்றபோதெல்லாம் எல்லாரும் நின்றோம். வழியில் அந்தத் தாயார் அதே இடத்தில் மோர்ப்பானையோடு இருந்தார்கள்; அவனைக் கண்டவுடனே அடையாளம் கண்டுகொண்டு, கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார்கள். பத்து மணிக்குள்ளாக 24 பேரும் பூனா தர்வாஜா என்னும் கோட்டை வாசலைக் கடந்தோம். ராஜாராமின் சமாதியண்டையில் நின்று செஞ்சியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவன் கையை உயர்த்தினான். "பாஸ்டர், எனக்குத் தாகமாயிருக்கிறது" என்றான்.

நான் கதையை நிறுத்தினேன்.

ஜெபிப்போமா? "அன்பின் பரம பிதாவே, எங்களிடம் நீர் ஒப்புவித்த பிள்ளைகளை எங்கள் ஆசையின் வேகத்தில் ஓட்டாமல், அவர்கள் நடக்கக்கூடிய அளவில் நடத்த எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் வீட்டில் பேசாமல் இருக்கிற பிள்ளையின் சத்தத்தைக் கேட்கிற செவியை எங்களுக்குக் கொடும். நாங்கள் பயமுறுத்தி மூடிவைத்த வாய்களைத் திறந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்."

கர்த்தர் உங்களையும் உங்கள் சந்ததியையும் ஆசீர்வதிப்பாராக. அடுத்த மாதம் கர்த்தருக்குச் சித்தமானால் மீண்டும் சந்திப்போம். மாரநாதா!